பனிமலையிலிருந்து வரும் குரல்
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

காரகோரம் மலைத்தொடரில் ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பனியாறு சியாச்சின். 1984 ஏப்ரல் 13ஆம் நாள் இந்தியப் படை அங்கே ஏறியது. அந்த நடவடிக்கைக்கு 'மேகதூத்' என்று பெயரிட்டனர். மேகத்தைத் தூதாக விட்டு மனைவிக்குச் சேதி அனுப்பிய யட்சனைப் பற்றிக் காளிதாசன் பாடிய காவியத்தின் பெயர் அது. அன்றிலிருந்து அங்கே காவல் நிற்கும் ஒவ்வொரு வீரருக்கும் அந்த யட்சனின் கவலை உண்டு. வீட்டுக்கு எப்படிச் சேதி சொல்வது? சிப்பாயின் சம்பளத்துக்கு அடங்கிய செலவில் வீட்டாரோடு பேச என்ன வழிகள் ஏற்பட்டன, அவற்றில் என்ன இடையூறு, அதை எப்படிக் கடப்பது என்பதை ஓர் இயற்பியல் மாணவியாகவும் ஒரு வீரரின் தங்கையாகவும் எழுத முற்படுகிறேன்.

கடிதம்

முதலில் இருந்தது கடிதம்தான். படைவீரர் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. பெயர், எண், படைப்பிரிவு, கடைசியில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று எழுதினால் போதும். இடம் வெளியே தெரியாது. கடிதம் உரியவரிடம் போய்ச் சேரும். செலவும் மிகக் குறைவு. ஆனால் பனிப்புயல் அடிக்கும் நாட்களில் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. ஹெலிகாப்டர் வராவிட்டால் கடிதமும் வராது. "காய்ச்சல்" என்று எழுதிய கடிதம் வீடு சேரும்போது காய்ச்சல் விட்டுப் பல நாள் ஆகியிருக்கும்.

மலையும் அலையும்

நம் ஊரில் கையில் இருக்கும் செல்பேசி அங்கே ஏன் பயன்படவில்லை? செல்பேசியின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை நின்றால் அப்பால் போகா. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு கோபுரம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும்; அதை வெளியுலகோடு இணைக்க வழியும் வேண்டும். குளிர் மைனஸ் 50 பாகைவரை இறங்கும் இடத்தில் பாட்டரியின் ஆற்றலும் குறைந்துவிடும். இத்தனை செலவு செய்து, சில நூறு பேருக்காகக் கோபுரம் நட்டால் லாபம் கிடைக்குமா? கிடைக்காது. ஆகவே வணிகக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அம்மலை என்றும் மௌனமாகவே இருந்திருக்கும்.

குறுக்கே மலை நிற்காத திசை ஒன்று உண்டு. அது வானம். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். சியாச்சினிலிருந்து பார்த்தால் அது தென்வானில் இருக்கும். அதை நோக்கி ஏரியலைத் திருப்பி வைத்துப் பேசும் கருவியே டி.எஸ்.பி.டி. என்னும் செயற்கைக்கோள் தொலைபேசி. பி.எஸ்.என்.எல். வழியாக இச்சேவை வீரர்களுக்குக் கிடைத்தது.

கட்டணம்

வழி கிடைத்தாலும் விலை எட்டவில்லை. நிமிடத்துக்கு 5 ரூபாய். போதாக்குறைக்கு மாதக் கட்டணம் 500 ரூபாய். 2017ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி மத்திய அரசு நிமிடக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. மாதக் கட்டணத்தையும் நீக்கியது. பத்து நிமிடம் பேச 50 ரூபாய் ஆனது 10 ரூபாய் ஆயிற்று. குறைந்த தொகையை அரசு ஏற்றுக்கொண்டது. இதைச் சலுகை என்பதைவிடக் கடமை என்பதே பொருந்தும்.

அரை வினாடி

கட்டணம் குறைந்தால் மட்டும் பேச்சு மலிவாகிவிடாது. இதை நான் வீட்டில் கண்டேன்.

என் அண்ணன் 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மூன்று மாதம் பனியாற்றில் இருந்தார். 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே சோனம் காவல் நிலையில் பனிச்சரிவு விழுந்ததில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். அச்செய்தியை அம்மா மறக்கவே இல்லை.

அண்ணனின் முதல் அழைப்பு வந்தது. அம்மா, "சாப்டியாப்பா?" என்றார். பதில் இல்லை. மறுபடி, "என்னப்பா, கேக்குதா?" என்றார். அதே நேரம் "சாப்டேம்மா" என்ற குரல் வந்து அதன்மேல் மோதியது. இருவரும் நிறுத்தினர், இருவரும் மீண்டும் ஒன்றாகத் தொடங்கினர். ஐந்து நிமிடத்தில் பாதி, "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே கழிந்தது. பின்னால் வரிசையில் நிற்பவருக்காக அண்ணன் வைத்துவிட்டார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. "எதைக் கேட்டாலும் யோசிச்சு யோசிச்சுப் பேசறான். உடம்புக்கு என்னமோ, மறைக்கிறான்" என்று அழுதார்.

அப்போது நான் மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். செயற்கைக்கோளின் உயரம் பாடத்தில் இருந்தது. கணக்குப் போட்டேன். குரல் மேலே போக 36,000, கீழே வர 36,000, ஆக 72,000 கிலோமீட்டர். அலையின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 0.24 வினாடி. பதில் திரும்பி வரவும் அதே நேரம் ஆகும். ஆக ஏறக்குறைய அரை வினாடி. அண்ணன் தயங்கவில்லை, தூரம்தான் தயங்கியிருக்கிறது!

அம்மாவுக்கு எண்கள் புரியாது. "கிணத்துல கல்லைப் போட்டா சத்தம் உடனே வருமாம்மா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கழிச்சுத்தான் வரும்" என்றார். "இதுவும் அப்படித்தான். கேட்டுட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணு" என்றேன். அடுத்த அழைப்பில் அம்மா கேள்வி கேட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினார். நான்கே நிமிடத்தில் பசு கன்று ஈன்றது முதல் பாட்டியின் கண் மருத்துவம்வரை எல்லாம் பேசி முடித்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

வீட்டார் செய்ய வேண்டியவை

1. கேட்டபின் இரண்டு எண்ணும் அளவு பொறுத்திருக்க வேண்டும்.
2. புது எண் என்று அழைப்பை எடுக்காமல் விடக்கூடாது. விட்டால் அவருடைய முறை போய்விடும்.
3. வீட்டுச் செல்பேசியின் ரீசார்ஜ் காலம் முடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் வரும் அழைப்பும் நின்றுபோகும்.
4. சொல்ல வேண்டியவற்றை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்கலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.
5. "எந்த இடத்துல இருக்க?" என்று கேட்கவே கூடாது. அதைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை.

முடிவுரை

இன்று நிலைமை மாறி வருகிறது. 2023 அக்டோபரில் படையும் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் சேர்ந்து 15,500 அடிக்கு மேலுள்ள முன்னணி நிலைகளுக்காகச் சியாச்சினில் செல்பேசி நிலையம் அமைத்தன. 2025 ஜனவரியில் ஜியோவின் 4ஜி, 5ஜி சேவையும் பனியாற்றை எட்டியது. முகம் பார்த்துப் பேசும் காலம் வந்துவிட்டது. ஆயினும் கோபுரம் எட்டாத நிலைகள் இருக்கும்வரை செயற்கைக்கோளும் ஒரு ரூபாய் நிமிடமும் தேவைப்படும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அண்ணனின் சம்பளத்தில் படிக்கிறேன். அவருக்குத் திருப்பித் தர இதுவரை என்னால் முடிந்தது ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே. அது என் தாயின் ஓர் இரவுக் கண்ணீரைத் துடைத்தது. படிப்பின் பயனை அன்றுதான் உணர்ந்தேன்.