முப்பது சதவீதக் கணக்கு

கேம்ல ஹெல்த் பார் சிவப்பாச்சுன்னா ஆள் அவுட் ஆகப்போறான்னு தெரியும். காலாட்படைக்கும் அப்படி ஒரு கோடு உண்டுன்னு ரொம்ப நாளா பேச்சு: 30 சதவீதம் பேர் விழுந்தா அந்தப் பிரிவு தேறாது. மைல்ட் ஸ்டீலுக்கு 250 மெகாபாஸ்கல்னு டேபிள் பார்த்து எழுதுவோமே, அதே மாதிரி.

1954-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் அலுவலகத்தில் டோரதி கிளார்க் இதைச் சோதித்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பட்டாலியன்களின் 44 மோதல்களை எடுத்துக்கொண்டார். பொதுவான ஒரு எண் கிடைக்கவே இல்லை. ஒரு பட்டாலியன் நின்றுபோன இழப்பில் இன்னொன்று முன்னேறிக்கொண்டிருந்தது.

முதல்ல, வகுக்கிற எண்ணே சிக்கல். அன்றைய பட்டாலியனில் 871 பேர்; ஆனால் முன்னால் போகிற மூன்று ரைஃபிள் கம்பெனிகளில் 579 பேர்தான். 250 பேர் விழுந்தால் பட்டாலியன் கணக்கில் 29 சதவீதம். அத்தனை பேரும் ரைஃபிள்காரர்கள் என்றால் 43. நம்ம லேப் ரெக்கார்டில் இப்படிக் குழப்பினால் ரிப்பீட் போடச் சொல்வாங்க!

1982, ஃபாக்லாந்து தீவுகளின் கூஸ் கிரீன். அர்ஜென்டினா தரப்பில் இறந்தவர்கள் சுமார் 50. சரணடைந்தவர்கள் 900-க்கும் மேல். தாக்கிய பிரிட்டிஷ் பட்டாலியனோ தன் கமாண்டரையே இழந்திருந்தது. அடுத்த நிலையில் இருந்த மேஜர் பொறுப்பேற்று முடித்தார்.

இன்னொரு பக்கம், 1944 அக்டோபர், பிரான்ஸின் வோஸ்ஜ் மலைக்காடு. ஜெர்மானியர் வளைத்துவிட்ட ஒரு அமெரிக்க பட்டாலியனை மீட்க 442-வது ரெஜிமென்ட் போனது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள். பலருடைய குடும்பங்கள் அப்போது அமெரிக்காவிலேயே முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தன. (இதைத் தனிக் கட்டுரையாத்தான் எழுதணும்.) ஐ, கே என்ற இரண்டு கம்பெனிகளில் அதிகாரிகள் எல்லாரும் வீழ்ந்த பிறகு சார்ஜென்ட்கள் நடத்திக்கொண்டு போனார்கள். 30 சதவீதமெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. ஆனாலும் 211 பேரை மீட்டார்கள். அதற்கு விழுந்தவர்கள், இறப்பும் காயமும் சேர்த்து, சுமார் 800 பேர்.

மிஷன் சக்சஸ்னு பதிவாகிவிட்டது. நவம்பரில் பாராட்டு அணிவகுப்பு. கே கம்பெனியில் 18 பேர், ஐ கம்பெனியில் 8 பேர் வந்து நின்றார்கள். எல்லாரையும் வரச் சொன்னேனே என்று ஜெனரல் டால்க்விஸ்ட் எரிச்சல்பட்டார். மிச்சம் இவ்வளவு பேர்தான் என்று பதில் வந்தது.