படுக்கையில் வாழும் தூசி உண்ணி

வீட்டை நாள்தோறும் பெருக்கித் துடைத்து, துணிகளை வெளுத்து உடுத்தும் குடும்பங்களிலும், சில குழந்தைகள் விடியற்காலையில் ஓயாமல் தும்முவதும், மழைக்காலம் பிறந்தவுடன் இரைப்பினால் உறக்கமின்றித் தவிப்பதும் பலரும் கண்டதே. பனி என்றும், குளிர்ச்சியான பண்டம் என்றும் பெரியோர் காரணம் கூறுவர். ஆனால் இத்துன்பத்துக்குரிய காரணங்களுள் ஒன்று, குழந்தை தலைவைத்துப் படுக்கும் தலையணைக்குள்ளேயே இருக்கக்கூடும். அதுவே தூசி உண்ணி.

ஜந்துவின் இயல்பு

மாட்டின் மேல் ஒட்டும் உண்ணியை அறியாத குடியானவர் இலர். தூசி உண்ணி அதற்கு உறவான ஜந்து. சிலந்தியைப் போல் எட்டுக் கால்கள் உடையது. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமும் இல்லாததால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. மூட்டைப்பூச்சியைப் போல் அது கடிப்பதுமில்லை, இரத்தம் குடிப்பதுமில்லை. மனிதர் உடம்பிலிருந்து நாள்தோறும் உதிரும் தோற்பொடியே அதன் முக்கிய உணவு. நீருக்காக அது எங்கும் செல்ல வேண்டுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பினாலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தோற்பொடியும் வியர்வையும் இளஞ்சூடும் ஒருங்கே கிடைக்கும் மெத்தையும் தலையணையும் அதற்கு உகந்த இருப்பிடங்கள்.

தீங்கு செய்வது பெரும்பாலும் அதன் கழிவே. உலர்ந்த கழிவு பொடியாகிப் படுக்கையை உதறும்போது மேலெழுந்து மூச்சுடன் உட்செல்கிறது. ஒவ்வாமை உடையவர்க்கு அதனால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரைப்பு முதலியன உண்டாகின்றன. வீட்டுத் தூசியினால் இரைப்பு வரும் என்பதை வைத்தியர்கள் முன்னரே அறிந்திருந்தனர். எனினும் அத்தூசியில் தீங்கு செய்யும் பொருள் இவ்வுண்ணியிடமிருந்து வருவதென்று 1960-களில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் வூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆராய்ச்சியாளர் விளக்கினர்.

சென்னை காட்டும் பாடம்

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பது பங்குக்குக் கீழே நெடுநாள் நின்றால் தூசி உண்ணிகள் உலர்ந்து மடியும். சென்னையில் அத்தகைய வறட்சி நிலைப்பது அரிது. மயிலாப்பூரும் அடையாறும் கடற்காற்று வீசும் இடங்கள். தியாகராய நகரோ 1920-களில் பழைய மாம்பலம் ஏரிப் பரப்பில் எழுந்த குடியிருப்பு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள பருவத்திலேயே கொட்டுகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. அவ்வாறு நனைந்த பஞ்சு மெத்தை மேற்புறம் உலர்ந்து காணப்பட்டாலும் உள்ளே ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைக் கழித்துவிடுவதே நலம்.

முன்னாளில் இந்நகரத்து வீடுகளிலும் கோரைப்பாயைக் காலையில் சுருட்டி வைத்து, அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது வழக்கம். இன்று அடுக்குமாடி வீடுகளில் கனத்த மெத்தை ஆண்டு முழுவதும் கட்டிலை விட்டு நகர்வதில்லை. மழைநாளில் ஈரத்துணியையும் படுக்கையறையிலேயே உலர்த்துகின்றனர். இவ்வழக்கங்கள் கிராமங்களுக்கும் விரைந்து பரவி வருவதால், தவணையில் மெத்தை வாங்கும் அங்கத்தினர் இதை அறிந்துகொள்வது அவசியம். நாட்டின் காற்றை உலர்த்த எவராலும் இயலாது. படுக்கையை உலர்த்த ஒவ்வொரு குடும்பத்தாலும் இயலும்.

செய்யத்தக்கவை

முதலாவது, வெயில். வாரம் ஒரு முறையேனும் தலையணை, ஜமக்காளம், பாய், மெல்லிய மெத்தை ஆகியவற்றை நண்பகல் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் இரு புறமும் காயவிட வேண்டும். சூடும் வறட்சியும் சேர்ந்து உண்ணிகளை வாட்டும். கனத்த மெத்தையின் நடுப்பகுதிக்கு வெயில் எட்டாது என்பதையும் மறக்கலாகாது. உண்ணி செத்த பின்னும் அதன் கழிவு தங்கியிருப்பதால், காய்ந்தவற்றை வீட்டுக்கு வெளியே நன்றாகத் தட்ட வேண்டும். தட்டுபவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும், இரைப்பு உள்ளவர் அப்பால் இருப்பதும் அவசியம்.

இரண்டாவது, வெந்நீர். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் சுமார் 60 டிகிரி சூடுள்ள நீரில் துவைத்தால் உண்ணிகள் இறக்கும். கழிவும் கரைந்து போகும். கொதிநீரும் கிணற்று நீரும் சம அளவாகக் கலந்தால் ஏறக்குறைய இச்சூடு கிடைக்கும். கையை விடாமல் கோலால் அமுக்கி ஊறவைக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது. தண்ணீரில் துவைத்தால் உண்ணி முற்றும் சாகாவிடினும் கழிவில் பெரும்பகுதி நீங்கும்.

மூன்றாவது, உறை. நெருக்கமாக நெய்த துணியால் மெத்தையையும் தலையணையையும் முழுவதும் மூடித் தைத்த உறை, உள்ளிருக்கும் கழிவு வெளிவருவதைக் குறைக்கும். தளர்ந்த நெசவுத் துணி இதற்கு உதவாது. எனினும் அடிக்கடி துவைப்பதற்கு ஏற்றது.

நான்காவது, காற்றோட்டம். எழுந்தவுடன் படுக்கையை மூடி வைக்காமல் சற்று நேரம் ஆறவிட வேண்டும். மழையில்லாத பகலில் சன்னல்களைத் திறந்து வைக்கவும், கட்டிலை ஈரச் சுவரிலிருந்து தள்ளிப் போடவும் வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். துடைத்த தரை நன்கு உலர வேண்டும்.

சாம்பிராணிப் புகை பூச்சிகளை ஒழிக்கும் என்று சிலர் நம்புகின்றனர். மெத்தைக்குள் இருக்கும் உண்ணியை அப்புகை ஒழிப்பதில்லை. இரைப்பு உள்ள குழந்தைக்கோ அதுவே கெடுதியாகும். போகியன்று பழம்பாயையும் மெத்தையையும் கொளுத்தும் புகையும் அத்தகையதே.

சங்கம் செய்யக்கூடியது

1904-இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், வீட்டுக்கு வேண்டிய பண்டங்களைச் சேர்ந்து வாங்கும் வழியைச் சென்னைக்குக் காட்டியது. 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் படுக்கை விரிப்புகளை விற்று வருகிறது. இவ்வழியைப் பின்பற்றிக் கிராமச் சங்கங்களும் குடும்பத்துக்கு இரண்டு மாற்று உறைகள் கிடைக்குமாறு மொத்தமாகத் துணி வாங்கித் தைப்பிக்கலாம். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் பெரிய அண்டாக்களை, வாரம் ஒருநாள் வெந்நீர்த் துவையலுக்குக் கொடுத்தால் விறகும் மிச்சமாகும்.

மேற்கூறியவற்றுள் ஒன்றை மட்டும் செய்து பெரும்பயனை எதிர்பார்க்கலாகாது. எல்லாவற்றையும் இடைவிடாமல் செய்து வருதல் வேண்டும். எல்லா இரைப்பும் தூசி உண்ணியால் வருவதன்று. ஆகவே வைத்தியர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. குழந்தை பேச இயலாமல் மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ கைவைத்தியத்தில் காலம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்ற நாட்களில், மழை ஓய்ந்து முதல் வெயில் அடித்தவுடன் முற்றத்துக்கு வர வேண்டியது குழந்தையின் தலையணையே.