கட்டியின் அளவும் பையின் கனமும்

புதுவாயல் கூட்டுச்சாலை டீக்கடையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட் வரை ஒரே பேச்சு: "ஈரல்ல கேன்சரா? காசிருந்தா புது ஈரல் வெச்சுக்கலாம். இல்லாதவனைத்தான் 'முத்திப்போச்சு'ன்னு அனுப்பிடுறாங்க." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் டாக்டர்கள் முதலில் பார்ப்பது பையின் கனத்தையல்ல, கட்டியின் அளவை.

1996இல் இத்தாலியின் மிலான் நகரில் மசாஃபெரோ குழுவினர், ஈரல் புற்றுக்காக ஈரல் மாற்றிய 48 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் வைத்த அளவு: ஒரே கட்டியென்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்றென்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கக் கூடாது, ஈரலைத் தாண்டியிருக்கக் கூடாது. இப்படிப் பொறுக்கியெடுத்தவர்களில் நான்காண்டு கழித்தும் 75 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். அதற்கு முன்பு அளவு பாராமல் மாற்றிய காலத்தில் பலருக்கும் புற்று திரும்பி வந்தது. வராமலிருக்குமா? ரத்தக்குழாய்க்குள் புகுந்தது வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கும். புது ஈரலை உடம்பு தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தருகிறோம், உட்கார்ந்திருந்தது எழுந்துகொள்கிறது. கோடீஸ்வரருக்கும் இதே கதைதான்.

மிலான் அளவு வேதவாக்கல்ல. 2001இல் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஒரே கட்டியென்றால் 6.5 செ.மீ. வரை போகலாம் என்றார்கள். ரத்தக்குழாய் வழியே கட்டிக்கே மருந்து செலுத்திச் சுருக்கி, சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதனால் 'அளவு தாண்டிவிட்டது' என்று டாக்டர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். "சுருக்கிப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள்.

தனியாரில் பில் பல லட்சம், மறுக்கவில்லை. ஆனால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் ஈரல் மாற்றியிருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலை வரிசைப்படி ஒதுக்குவது டிரான்ஸ்டான் என்ற அரசு அமைப்பு.

மற்ற கதைகளுக்குக் கதைக்கொரு வரி போதும். குடிக்காதவருக்கு ஈரல் புற்று வராதாம்: ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும், சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்பு ஈரலும் எதற்கு இருக்கின்றன? கீழாநெல்லி கட்டியைக் கரைக்குமாம்: கரைக்காது. ஈரலில் பாதி கொடுத்தவர் காலமெல்லாம் நோயாளியாம்: ஆபரேஷனில் ஆபத்து உண்டு, ஆனால் மிச்ச ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும்.

சிப்காட் கம்பெனி முதலாளிகளுக்கு ஒன்று. முகாம் நடத்திக் கண், காது பார்க்கிறீர்களே, ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனையையும் சேருங்கள். முடிவு தொழிலாளியின் கைக்கு மட்டும் போகட்டும்; எச்.ஆர். மேஜைக்கு வேண்டாம். கிருமி இருப்பவரில் ஆபத்து அதிகமுள்ளவரும், ஈரல் சுருங்கிப்போனவரும் ஆறு மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கட்டி 2 செ.மீ.யாக இருக்கும்போதே கண்ணில் பட வாய்ப்பிருக்கிறது. அதற்குச் சம்பளத்தோடு அரை நாள் லீவு கொடுங்கள்.