களம் இறங்காத ஆட்டக்காரர்

நுழையும்முன்

திறமை மிக்க பதினொருவர் ஒன்றுகூடினால் அது அணியாகிவிடுமா? கோல் அடித்தவரை ஊரே அறியும். அவரை உரிய இடத்தில் நிறுத்தியவரைச் சிலரே அறிவர். கால்பந்து அணியின் வெற்றியில் பயிற்றுநரின் பங்கை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. பச்சைத் தோல் அப்படியே காலணி ஆவதில்லை. அது ஊறவைத்தல், மயிர் நீக்குதல், பதனிடுதல், உலர்த்துதல் எனப் பல நிலைகளைக் கடக்கிறது. எந்தத் தோல் எதற்கு ஏற்றது என்பதைத் தேர்ந்த கை அறியும். ஆட்டக்காரரின் இயல்பான திறமையும் அத்தகையதே. அதனைப் பக்குவப்படுத்தி, ஏற்ற இடத்தில் பொருத்துபவர் பயிற்றுநர்.

பயிற்றுநரின் பணி

உடல்திறனை வளர்ப்பது பயிற்றுநரின் பணியில் ஒரு பகுதியே. எதிரணியின் வலிமையையும் குறையையும் ஆராய்தல், ஆட்ட உத்தி வகுத்தல், யாரை எப்போது களமிறக்குவது என முடிவெடுத்தல், தோல்வியில் துவண்டவரைத் தேற்றுதல் ஆகியனவும் அவர் கடமைகளாகும்.

ஜகார்த்தாவில் ஒரு மாற்றம்

ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவரது பயிற்சியில் இந்திய அணி 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தன் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. பின்னர்த் தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரகீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. முன்கள ஆட்டக்காரராக மாற்றினார். அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா எதிர்நின்றது. பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடிக்க, இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது. முன்பு வீழ்த்திய அதே அணியை வெல்ல உதவியது, இருப்பவரைக் கொண்டே புதுவழி கண்ட பயிற்றுநரின் அறிவு. அப்போது புற்றுநோயால் நலிவுற்றிருந்த ரகீம், 1963ஆம் ஆண்டு மறைந்தார்.

கோவையில் ஒரு பருவம்

தொழில்முறை அணிக்கு ஓர் ஆட்டத்தின் வெற்றி போதாது; பல மாதங்கள் நீளும் தொடர் முழுவதும் நிலைத்து ஆடவேண்டும். கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, 2017–18 ஐ-லீக் தொடரில் எட்டாமிடமே பெற்றது. அடுத்த பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநரானார். ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரர்களையும் இந்திய இளைஞர்களையும் அவர் ஓரணியாக இணைத்தார்.

2019 மார்ச் 9 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் அணி முதலில் கோல் அடித்தது. இடைவேளைவரை பின்தங்கியிருந்த சென்னை சிட்டி, பெத்ரோ மான்சியின் ஒரு கோலாலும் கௌரவ் போராவின் இரு கோல்களாலும் 3–1 என வென்றது. ஈஸ்ட் பெங்கால் அணியைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று, 43 புள்ளிகளுடன் பட்டம் சூடியது.

பயிற்றுநர் மட்டுமே வெற்றி தருவதில்லை. உழைக்கும் ஆட்டக்காரரும் துணைநிற்கும் நிருவாகமும் வேண்டும். எனினும், சிதறிக் கிடக்கும் திறமைகளை ஒரே நோக்கில் திருப்புபவர் அவரே. திமிரியின் திடல்களில் பந்தை உதைக்கும் கால்களுக்கும் அத்தகைய வழிகாட்டுதல் கிட்டுமாயின், நாளைய களங்கள் அவர்களுக்கும் உரியனவாகும்.

மதிப்பீடு

1. தோல் பதனிடுதலும் ஆட்டப் பயிற்சியும் எவ்வாறு ஒப்புமை உடையன?
2. ஜர்னைல் சிங்கை முன்களத்திற்கு மாற்றிய முடிவு உணர்த்துவது யாது?
3. உங்கள் பள்ளி அணிக்கு நீங்கள் பயிற்றுநரானால் முதலில் எதனை மாற்றுவீர்கள்? காரணம் கூறுக.