கதிர்வீச்சு சிகிச்சைத் துறையும் மருத்துவ மாணவரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இலும், அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 1954இலும் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டில், புற்றுநோயைக் கதிர்களால் குணப்படுத்தும் மருத்துவம் புதியதன்று. நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் இச்சிகிச்சையைப் பற்றி எம்.பி.பி.எஸ். மாணவர் வார்டுப் பயிற்சியில் கற்பதோ மிகக் குறைவு. அந்தக் குறைவை நியாயப்படுத்தும் நம்பிக்கைகள் சில ஆசிரியரிடையேயும் மாணவரிடையேயும் நிலைத்திருப்பதால், அவற்றைச் சோதித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அவற்றுள் முதன்மையானது, இத்துறை அதில் மேற்படிப்புப் படிப்பவருக்கு மட்டுமே உரியது என்பதாகும். உண்மையில், கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படும் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பொது மருத்துவரே. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் சில ஆண்டுகள் கழித்து முதுகுவலியோடும் கால் தளர்ச்சியோடும் வந்தால், முதுகெலும்புக்குப் பரவிய கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று அன்றே ஐயுற வேண்டும். டெக்சாமெத்தசோன் தொடங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவையோ கதிர்வீச்சோ தாமதமின்றிக் கிடைக்கச் செய்தால் நடந்துவந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். வலிமாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டுக் கால்கள் முற்றிலும் செயலிழந்தபின் வருபவர் மீண்டும் நடப்பது அரிது. அதுபோலவே, வாய்ப் புற்றுநோய்க்குத் தாடைப்பகுதியில் கதிர்வீச்சு பெற்றவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு முன்யோசனையின்றிப் பல் பிடுங்கினால், இரத்த ஓட்டம் குன்றிய அந்த எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். சிகிச்சைக்கு முன்பே பற்களைச் சீர்செய்ய அனுப்புவதும், பின்னாளில் எச்சரிப்பதும் ஊர் மருத்துவரின் பொறுப்பாகவே வந்து சேர்கின்றன.

கதிர்வீச்சு என்பது வேறு வழியில்லாத போது தரப்படும் கடைசிச் சிகிச்சை என்ற எண்ணம் மக்களிடம் இருப்பதைப் புரிந்துகொள்ளலாம். மருத்துவ மாணவரிடமும் அது இருப்பது வருந்தத்தக்கது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அறுவைக்கு எட்டாதபடி சுற்றியுள்ள திசுக்களில் பரவியிருந்தாலும், வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு, வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்து, கதிர்மூலத்தைக் கட்டிக்குள்ளோ அதன் அருகிலோ வைக்கும் பிராக்கிதெரபி ஆகிய மூன்றும் சேர்ந்து பலரை முழுமையாகக் குணப்படுத்துகின்றன. குரல்வளைப் புற்றுநோயின் தொடக்க நிலையில் கதிர்வீச்சு மட்டுமே பெற்றுப் பெரும்பாலோர் குரலை இழக்காமல் நலமடைகின்றனர். குணமாக்க இயலாத நிலையிலும், எலும்பு வலிக்கு ஒரே நாளில் தரப்படும் 8 கிரே கதிர்வீச்சு பலருக்கு நிம்மதி தருகிறது.

இங்கே கிரே என்பது ஒரு கிலோ திசு உறிஞ்சும் ஒரு ஜூல் ஆற்றல். துறை முழுவதும் இயற்பியலும் கணக்கும்தான் என்று மாணவர் அஞ்சுவதற்கு இத்தகைய அலகுகளே காரணம். கணக்கை இயற்பியலாளர் பார்த்துக்கொள்ள, மருத்துவர் கையாள்வது உயிரியலையும் உடற்கூற்றையும்தான். நாளொன்றுக்கு 2 கிரே வீதம் வாரத்தில் ஐந்து நாட்கள் பகுத்துத் தருவதன் நோக்கம், சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் மிகுந்த இயல்பான செல்களுக்கு இடைவெளி தருவதே. சி.டி. படத்தில் தண்டுவடத்தையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் அடுக்கடுக்காக வரைந்து காக்கப் பழகும் மாணவர், முதலாண்டில் மனனம் செய்த உடற்கூற்றியலின் பயனை அங்கேதான் உணர்கிறார்.

துறைக்குள் சென்றாலே கதிர்வீச்சு தாக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கதிர்வீச்சுக் கருவி இயக்கினால் மட்டுமே கதிர்களை வெளியிடுகிறது; கோபால்ட் கருவியிலுள்ள கதிர்மூலம் எப்போதும் கதிர்களை உமிழ்ந்தாலும் கனத்த கவசத்துக்குள் இருக்கிறது; சிகிச்சையின்போது தடித்த கான்கிரீட் சுவருக்குள் நோயாளி மட்டுமே இருப்பார். வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு பெற்றவர் வீடு திரும்பிக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம் என்பதைக் குடும்பத்தாருக்கு உறுதியோடு சொல்ல மாணவர் கற்றிருக்க வேண்டும்.

மாணவர் கூட்டத்தை ஒருநாள் கருவியறைக்கு அழைத்துச்சென்று காட்டினால் போதும் என்ற நம்பிக்கையே இவற்றுள் மிகுந்த கேடு விளைவிப்பது. கருவி நோயைப் பற்றி எதுவும் கற்பிப்பதில்லை. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தில் படியவைத்து முகக்கவசம் செய்யும்போது உடன் நிற்பவரே, அது இறுகும் சில நிமிடங்களில் நோயாளி கொள்ளும் திகிலையும், தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குறி தவறும் என்பதையும் அறிவார். அதே நோயாளியை மூன்றாவது வாரத்தில் மீண்டும் பார்த்தால், வாய்ப்புண்ணால் கஞ்சியும் இறங்காமல் எடை குறைவதும், சிகிச்சையை இடையில் நிறுத்தினால் கட்டிச் செல்கள் மீண்டும் பெருகும் என்பதால் ஊட்டக்குழாய் வைத்தாவது தொடர வேண்டியிருப்பதும் விளங்கும்.

ஆகவே கல்லூரிகள், துறையைச் சுற்றிக்காட்டுவதோடு நில்லாமல், புற்றுநோய் உறுதியான நாளிலிருந்து கதிர்வீச்சு முடிந்து மறுபரிசோதனைக்கு வரும் நாள்வரை ஒரே ஒரு நோயாளியையேனும் ஒவ்வொரு மாணவரும் பின்தொடர்ந்து பதிவுசெய்யும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் புதுக் கருவியோ புதுக் கட்டடமோ தேவையில்லை.