கப்பல் ஓடியிருந்தால்: ஒரு சுவரொட்டிப் பாடம்

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கி 1911இல் கலைக்கப்பட்டது. கலைக்கப்படாமல் இருந்திருந்தால்? மதுரையை அடுத்த எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். 1930இல் அக்கம்பெனி ஒட்டியிருக்கக்கூடிய ஒரு சுவரொட்டியைக் கணினியில் வரைய வேண்டும்.

மூன்று வண்ணங்களுக்கு மேல் கூடாது. பழைய கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் தேவை. வண்ணம் கூடினால் செலவும் கூடும். அக்காலப் பிரச்சாரச் சுவரொட்டிகளில் பெரிய உருவமும் தட்டையான நிறமும் நாலைந்து சொற்களும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள் ஒன்றைக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் வண்ணத்துக்கு ஓர் அடுக்கு வைத்தால் கல்லச்சின் முறை அப்படியே வந்துவிடும்.

வரையும் முன் உண்மையைத் தேட வேண்டும். தூத்துக்குடி - கொழும்பு வழித்தடம், காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள், கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளை இழுத்த ஆங்கிலேயக் கம்பெனி, 1908இல் வ.உ.சி.யின் சிறைவாசம். இவற்றில் எது மாறியிருந்தால் கப்பல் ஓடியிருக்கும்? ஒரு மாணவி கட்டணம் என்றாள்; இன்னொருவன் சிறை என்றான். அந்த வாதத்திலேயே ஒரு பாடவேளை போயிற்று. போகட்டும்.

படத்தின் நடுவிலேயே, வெட்டி எடுக்க முடியாதபடி, ‘கற்பனை’ என்று எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அது ‘அரிய ஆவணம்’ ஆகிவிடும்.

ஒரு மாணவன், “நம் கப்பலில் ஏறாதவன் துரோகி” என்று எழுதியிருந்தான். “காசில்லாமல் மலிவான டிக்கெட் வாங்கிய கூலித் தொழிலாளியும் துரோகியா தம்பி?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. அவன் அதை அழித்துவிட்டு, “நம் கப்பல் நேரத்துக்குப் புறப்படும்” என்று எழுதினான்.