மெயில் வரலை என்றால் முதலில் டேபிளைத் திறங்கள்

கம்பத்தில் இணையக் கடை என்றால் பெரும்பாலும் ஏலக்காயும் மிளகும்தான். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனாலும் அது கூரியரில் தாங்காது. அந்தக் கடைகளின் தளத்தைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிகளிடம் முதலாளி சொல்லும் முதல் புகார் அநேகமாக ஒன்றுதான்: "ஆர்டர் விழுந்திருக்கு, எனக்கு மெயிலே வரலைப்பா." போடி, புத்தடி ஏலத்தில் விலை ஏறி இறங்குகிற சரக்கு ஏலக்காய். இரண்டு நாள் கழித்து ஆர்டரைப் பார்த்தால் வியாபாரிக்குக் கை சுடும். அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

1. அட்மின் பக்கத்தில் நீங்கள் என்ன தட்டினீர்கள் என்பது எனக்கு வேண்டாம். மென்பொருள் எதை எடுத்துப் படித்தது என்று சொல்லுங்கள். அட்மின் பக்கம் வெறும் படிவம். 'சேவ்' அழுத்தினால் அது டேட்டாபேஸில் ஒரு வரியை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மெயில் அனுப்பும் நேரத்தில் வேறொரு இடத்தில் வேறொரு நிரல் அந்த வரியைத் தேடிப் போகிறது. கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும்.

2. ஓப்பன்கார்ட் என்ற கடை மென்பொருளை வைத்தே பழகுங்கள், அதில் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். செட்டிங் டேபிளில் ஒவ்வொரு வரியிலும் கடை எண், அமைப்பின் பெயர், அதன் மதிப்பு இருக்கும். யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும்: 0 எண் கொண்ட பொது வரிகளையும் அந்தக் கடைக்கான வரிகளையும் கடை எண் வரிசையில் அள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக நினைவில் ஏற்றும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பின்னால் வந்ததே நிற்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு வியாபாரி ஒரே மென்பொருளில் உள்ளூருக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என இரண்டு கடை நடத்தினார். வெளிநாட்டுக் கடையில் விழும் ஆர்டருக்கு மட்டும் தகவல் வராது. அட்மினின் பொது செட்டிங்கில் மெயில் முகவரி சரியாகத்தான் இருந்தது. டேபிளைத் திறந்தால் 0-க்கு ஒரு முகவரி, 1-க்கு இன்னொன்று. அந்த இன்னொன்று, வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட கணக்குப்பிள்ளையுடையது. ஆர்டர் தகவல் ஒன்றுவிடாமல் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எப்படி வரும்? மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தானே செய்தது!

3. யார் சொல் கடைசிச் சொல் என்று ஒவ்வொரு மென்பொருளிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேஜெண்டோவில் பொது, இணையதளம், கடைத்தோற்றம் என்று மூன்று படி உண்டு. அதற்கும் மேலே கான்ஃபிக் ஃபைலில் எழுதியது டேட்டாபேஸை மீறும். வேர்ட்பிரஸ், ஊகாமர்ஸ் தளங்களில் பலர் போடும் எஸ்எம்டிபி பிளகினும் அப்படித்தான். கான்ஃபிக் ஃபைலில் நிலைமதிப்பு (கான்ஸ்டன்ட்) இருந்தால் டேபிளில் நீங்கள் எதை மாற்றினாலும் பயனில்லை. நொய்டாவில் உருவான பாகிஸ்டோ இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: அனுப்புநர் பெயர் டேபிளில், சர்வரும் பாஸ்வேர்டும் தனி என்விரான்மென்ட் ஃபைலில். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பவர்கள்தான் அதிகம்.

4. மாற்றியும் பழையதே வருகிறதா? கேஷைக் காலி செய்யுங்கள். மேஜெண்டோ செட்டிங்கை ஒருமுறை படித்துக் கேஷில் வைத்துக்கொள்ளும். டேபிளில் நேரடியாகக் கை வைத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. பாகிஸ்டோ போன்ற லாராவெல் தளங்களில் பின்னணியில் ஓடும் கியூ வொர்க்கரும் அதே கதை. கிளம்பும்போது படித்ததை நினைவில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். டெஸ்ட் மெயில் புது செட்டிங்கில் போகும், ஆர்டர் மெயில் பழைய செட்டிங்கில் போகும். வொர்க்கரை மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும்.

5. பாஸ்வேர்டில் & குறி இருந்தால் உஷார். ஓப்பன்கார்ட் படிவத்தில் வரும் எல்லாவற்றையும் பாதுகாப்புக்காக உருமாற்றிவிட்டுத்தான் சேமிக்கும். ஒரே எழுத்தான & டேட்டாபேஸில் ஐந்து எழுத்தாக விரிந்து கிடக்கும். அதன் சொந்த மெயில் நிரல் படிக்கும்போது பழையபடி ஆக்கிக்கொள்ளும். வெளியாள் எழுதிய எக்ஸ்டென்ஷன் அதை மறந்தால் சர்வர் 'பாஸ்வேர்டு தப்பு' என்று திருப்பி அனுப்பும். நீங்களோ சரியான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்யும்போது வால்பக்கம் ஒட்டிவரும் இடைவெளியையும் பாருங்கள்.

6. டொமைன் பெயரை மாற்றும்போது டேட்டாபேஸ் முழுக்கக் கண்டுபிடி-மாற்று போடாதீர்கள். வேர்ட்பிரஸில் பல பிளகின்கள் செட்டிங்கை ஒரே சரமாகக் கட்டி வைக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை பைட் என்ற எண்ணோடு. சொல் மாறி எண் மாறாவிட்டால் மொத்தக் கட்டும் படிக்க முடியாமல் போகும். அதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்துங்கள்.

7. ஓப்பன்கார்ட்டில் மெயில் பாஸ்வேர்டு செட்டிங் டேபிளில் திறந்தபடியே கிடக்கிறது. பேக்கப் ஃபைலை நண்பருக்கு அனுப்பினால் பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள். மேஜெண்டோ ரகசிய மதிப்புகளைப் பூட்டி வைக்கும், சாவி கான்ஃபிக் ஃபைலில். சர்வர் மாற்றும்போது டேட்டாபேஸை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் பூட்டு மட்டும்தான் கையில் இருக்கும். முதலாளியின் சொந்த ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கவே கேட்காதீர்கள். 2022 மே மாதத்துக்குப் பிறகு சாதாரண ஜிமெயில் கணக்கில் அது எஸ்எம்டிபிக்குச் செல்லுபடியாவதும் இல்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

8. போர்ட் 587 அல்லது 465. 25-ஐப் பல ஹோஸ்டிங்காரர்கள் அடைத்தே வைத்திருக்கிறார்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

9. செட்டிங் எல்லாம் சரி, ஆனால் மெயில் ஸ்பேமில் விழுகிறது என்றால் அது டேட்டாபேஸ் சங்கதி அல்ல. டொமைனின் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன.

10. சோதனைக்காகத் தளத்தை நகலெடுத்தால் மெயில் செட்டிங்கும் நகலாகிவிடும், வாடிக்கையாளர் முகவரிகளும் கூடவே வரும். சோதனைத் தளத்தில் விளையாட்டாக ஒரு ஆர்டரை 'அனுப்பப்பட்டது' என்று மாற்றினால் சென்னையில் நிஜமான ஒருவருக்கு நிஜமான மெயில் போகும், அவர் கூரியருக்குக் காத்திருப்பார். பிரஸ்டாஷாப்பில் மெயிலே அனுப்பாதே என்று ஒரு தேர்வு இருக்கிறது. அப்படித் தேர்வு இல்லாதவற்றில் எஸ்எம்டிபி முகவரி வரியை வேறு ஏதாவதாக மாற்றிவிடுங்கள். டேட்டாபேஸை இறக்கி முடித்ததும், தளத்தை பிரவுசரில் ஒருமுறைகூடத் திறக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.